திராட்சை நாட்டுச் சவாரியும் அதன் இலக்கியமும்

பிரயாண நூல் எதுவாயினும் அதனை அளப்பதற்கு ஒரு கேள்வி போதும் என்பது நமது துணிபு. வழிச் செல்வோன் எதையெதைக் கண்டான் என்பதை அவனே சொல்லிவிடுகிறான். கண்ணெதிரே நின்றும் அவன் காணாது போனது எது என்பதை நாமே தேடிக் கண்டுகொள்ளல் வேண்டும். இந்த அளவுகோலை ஏந்திக்கொண்டு, மேனாட்டில் இக்காலத்தே பெருவழக்காயுள்ள ஒரு பிரயாணத்தையும், அப்பாதையிலே பிறந்த சில நூல்களையும் ஆராயப் புகுகின்றோம். வாரக் கடைசியில் நண்பர் பத்துப் பன்னிருவர் ஒன்றுகூடி, மோட்டார் சைக்கிள் ஏறி, கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களினூடே சென்று மீளும் சவாரியே அப்பிரயாணம்.

“கூட்டமாய்ச் சவாரி போவதிலே இலக்கியம் என்ன இருக்கிறது? அதிலும் ஒயின் வடிக்கும் ஊரைப் பற்றிச் சீர்திருத்தம் பேசும் ஏட்டில் எழுதுவானேன்?” என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நமது விடை இரண்டு. உலகறிந்த எழுத்தாளர் மூவர் அந்நாட்டுப் பாதையில் சென்று அதனைத் தம் நூல்களிலே பதித்திருக்கின்றனர் என்பது ஒன்று. ஒரே பயிர், சரிவிலே வரிசை பிடித்து நட்ட நடவு, கடல் கடந்து வந்த கூலிக் கூட்டம், மேட்டிலே முதலாளியின் மாளிகை, இவற்றிற்கு நடுவே ஒரு பாதை என்னும் அந்நாட்டமைப்பு, தோட்டப்புறத்து லயங்களிலே பிறந்தவர்க்கும் அவர்தம் மக்களுக்கும் யாரும் விளக்கிச் சொல்லவேண்டாத ஒன்றாகும் என்பது மற்றொன்று. அந்நாட்டைப் பற்றிய நூல்களை மதிப்பிட நம்மவரினும் தகுந்தவர் வேறு எவர்?

நாடும் பாதையும்

சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து, 1937-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் சொனோமா, நாப்பா என்னும் இரு பள்ளத்தாக்குகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரண்டிற்கும் இடையே மாயகாமாஸ் மலைத்தொடர் நிற்கிறது. நாப்பாப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 30 மைல் நீளமுடையது. அகலமோ மிகுந்த இடத்தில் 5 மைல்தான். வடகோடியிலே செயின்ட் ஹெலினா மலை 4,300 அடிக்குமேல் உயர்ந்து காவல் புரிகிறது. காலையில் தென்புறத்து வளைகுடாவிலிருந்து மூடுபனி ஏறிவந்து கொடிகளை நனைக்கும். நண்பகலுக்குள் அது கலைந்து வெயில் காயும். கனி பழுப்பதற்கு இவ்விரண்டும் வேண்டும் என்பர்.

சவாரிக்காரர் விரும்பும் பாதைகள் இம்மலைகளின் மேலும் கீழும் ஓடுகின்றன. சொனோமாவிலிருந்து நாப்பாவிற்கு மலையேறி இறங்கும் டிரினிட்டிப் பாதையும் ஓக்வில் ஏற்றமும் வளைவுக்கு வளைவு கவனத்தைக் கோருவன. பள்ளத்தாக்கின் கீழ்ப்புறத்தே கலிஸ்டோகா ஊர்வரை செல்லும் சில்வராடோப் பாதை இருபத்தொன்பது மைல் அளவினது, இருபுறமும் திராட்சை. அப்பால் 128-ஆம் எண் நெடுஞ்சாலை அலெக்சாண்டர் பள்ளத்தாக்கிற்குள் புகுந்து, மேலும் மலைகளைத் தாண்டிப் பசிபிக் கடல் நோக்கிப் போகிறது.

கூட்டச் சவாரிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வழியறிந்தவன் முன்னே செல்வான். அனுபவமிக்க மற்றொருவன் கடைசியில் வருவான். இடையிலுள்ளோர் இடமும் வலமுமாக மாறி மாறி, முன் வண்டிக்கும் தமக்கும் இரண்டு விநாடி இடைவெளி விட்டுச் செல்வர். வளைவு மிகுந்த இடத்தில் ஒருவர்பின் ஒருவராய் நீண்டுகொள்வர். பாதை பிரியுமிடத்தில் கூட்டம் நின்று, கடைசி வண்டி கண்ணுக்குத் தெரிந்த பின்னரே நகரும். மெதுவாகச் செல்பவன் தன்னால் இயலாத வேகத்தை மேற்கொண்டு உயிரிழத்தலாகாது என்பதே இதன் நோக்கம். இவ்வொழுங்கை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இறுதியில் இதற்கே மீளுவோம்.

சவாரி வரலாறுகள்

இத்தகைய சவாரி முடிந்ததும் கூட்டத்தில் ஒருவர் அதனை எழுதிவைப்பது வழக்கம். சங்க ஏடுகளிலும் மோட்டார் சஞ்சிகைகளிலும் அவ்வகை வரலாறுகள் மிகுதி. ஒன்றைப் படித்தவர் நூறு படித்தவராவர். எண்ணெய் நிலையத்தில் காலைக் கூட்டம், டயரில் காற்றுப் பார்த்தல், பனியிற் குளிர்தல், வளைவுகளின் இன்பம், நண்பகல் உணவு, ஒயின் சுவைக்கூடத்தின் முன் வண்டிகளை வரிசையாய் நிறுத்திப் படம் பிடித்தல், மாலையிற் பாலம் கடந்து வீடு சேர்தல். இவ்வளவே அதன் உடல்.

இவற்றை ஏளனம் செய்வது நமது கருத்தன்று. வண்டியைப் பற்றி எழுதுமிடத்தில் இவ்வெழுத்தாளர் பொய் சொல்வதில்லை. சங்கிலி தளர்ந்ததையும், ஈரச் சருகிலே சக்கரம் வழுக்கியதையும், வளைவினுட் புகுமுன் வேகம் தணிக்க மறந்தவன் நெஞ்சு பதைத்ததையும் உள்ளது உள்ளவாறே எழுதுகின்றனர். தாம் கையாளும் பொருளை அறிந்தவன் எழுத்தில் மாசு குறைவு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் பார்வை வண்டியை விட்டுப் பாதையோரத்திற்குத் திரும்பியதும் அவ்வுண்மை மறைந்துபோகிறது. “ஓவியம் போன்ற தோட்டங்கள்”, “முடிவில்லாத பசும் வரிசைகள்” என்னும் தேய்ந்த சொற்கள் வந்து குந்திவிடுகின்றன. மனிதர் என்று பேர் சொல்லத் தோன்றுபவர் உணவு பரிமாறியவரும் கோப்பையில் ஊற்றியவருமே ஆவர்.

வரிசை தானாக வரிசையாவதில்லை. குளிர்காலத்தில் ஒவ்வொரு கொடியையும் கையாற் கவாத்து செய்ய வேண்டும். இளவேனிலில் வீண் தளிர்களைக் கிள்ள வேண்டும். கோடையில் குலை வெயில் காணுமளவு இலை நீக்க வேண்டும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை வளைந்த கத்தியால் குலையறுத்துத் தொட்டி நிரப்ப வேண்டும். சவாரிக்காரர் இதனைக் காணாமைக்கு நெஞ்சின் கடுமை காரணமன்று, கடிகாரமே காரணம். கனி குளிர்ந்திருக்கும் போதே பறிப்பது நலம் என்பதனால் அறுவடையிற் பெரும்பகுதி இரவிலும் விடியற்காலையிலும் நெற்றி விளக்கின் ஒளியில் நடைபெறுகிறது. சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டிகள் வந்து சேரும்போது அறுத்த கைகள் விடுதியிலே உறங்கிக்கொண்டிருக்கும். இருளிலே பெரட்டுக்குப் போய், பட்டணத்தார் விழிக்குமுன் பாதி மரம் சீவி முடித்தவர்க்கு இவ்விரு கடிகாரங்களின் கதை புதிதன்று. ஆயினும், நேரம் வேறானமையால் காணவில்லை என்பது சமாதானமேயன்றி எழுத்துக்குரிய நியாயமன்று. உறங்குகிறவர் ஒருவர் உண்டு என்பதை அறிந்தெழுதும் எழுத்திற்கும் அறியாதெழுதும் எழுத்திற்கும் வேற்றுமை உண்டு.

ஸ்டீவன்சன் கண்ட குகை

இக்குறை இன்று தோன்றியதன்று. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880-ஆம் ஆண்டுக் கோடையில், புதிதாய் மணந்த மனைவியோடும் அவருடைய மகனோடும், செயின்ட் ஹெலினா மலையிற் கைவிடப்பட்ட ஒரு வெள்ளிச் சுரங்கத்தின் பாழ்மனையிற் குடியிருந்தார். கையில் பொருளில்லை, நெஞ்சிலே நோய். அவ்வாழ்வைக் கூறும் ‘சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்’ 1883-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாப்பா ஒயினைப் பற்றி ஓர் அத்தியாயமே அதில் உண்டு. எந்த மண்ணில் எக்கொடி செழிக்கும் என்று மூலைக்கு மூலை நட்டுப் பார்ப்பதைப் பொன்தேடுவோன் செயலோடு அவர் ஒப்பிடுவது அருமையான பார்வை. சுரங்கத்தின் சிதைவுகளுக்கு நடுவே வாழ்ந்தவராதலின் அவ்வொப்புமை அவருக்கு இயல்பாய் வாய்த்தது.

அதே அத்தியாயத்தில், நாவிதத் தொழில் செய்து பின் தோட்ட முதலாளியான ஜேக்கப் ஷ்ராம் என்பவர் மனைக்குச் சென்று, அவர் அளித்த ஒயின் வகை அனைத்தையும் சுவைத்ததாகக் கூறுகிறார். மலையினுள்ளே நெடுந்தூரம் தோண்டிய ஒயின் குகையைக் கண்டு வியக்கிறார். அக்குகையைத் தோண்டியவர் சீனத் தொழிலாளர். நாப்பாவின் முதற் கொடிகளுக்கும் கல் மதில்களுக்கும் குகைகளுக்கும் அவர்தம் உழைப்பு உரமாயிற்று. நூல் வெளிவந்ததற்கு முந்திய ஆண்டிலேதான், 1882-இல், சீனத் தொழிலாளர் அமெரிக்காவிற்குள் வருதலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1943 வரை அது நீங்கவில்லை. ஸ்டீவன்சனுடைய அத்தியாயத்திலே குகை இருக்கிறது. உளி பிடித்த கை இல்லை. உரைநடையின் அழகிலே இக்குறை தெரிவதில்லை. அழகு மிகுந்த எழுத்தையே நாம் மிகுந்த விழிப்போடு படிக்கவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

லண்டனின் குதிரை

சொனோமாப் பக்கத்து கிளென் எல்லன் என்னும் சிற்றூரில் பண்ணை அமைத்து வாழ்ந்தவர் ஜாக் லண்டன். இளமையிலே தொழிற்சாலைக் கூலி. பிறகு பொதுவுடைமைப் பேச்சாளர். அதன்பின் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். 1913-ஆம் ஆண்டில் அவருடைய நூல்கள் இரண்டு வெளிவந்தன. இரண்டும் நமது பொருளுக்கு உரியன.

‘சந்திரனின் பள்ளத்தாக்கு’ எனப் பொருள்படும் நாவலில், சலவைச் சாலையில் இஸ்திரி போடும் சாக்ஸன் என்னும் பெண்ணும், வண்டியோட்டியான பில்லி என்னும் இளைஞனும் ஓக்லந்து நகரத்து வேலைநிறுத்தத்திலே அடியுண்டு நொந்து, நிலம் தேடிப் புறப்படுகின்றனர். நகரத்துத் தொழிலாளர் துயரைக் கூறும் முற்பகுதி நெஞ்சைச் சுடுவது. வழிநெடுகப் போர்த்துகீசியரும் சீனரும் பிறரும் சிறு நிலத்திலே பெரும் விளைவு காண்பதை லண்டன் கூர்ந்து எழுதுகிறார். அவர் உழைப்பவரைக் காணாத எழுத்தாளரல்லர். ஆனால் கண்டும் என்ன எண்ணுகிறார்? பழைய வெள்ளைக் குடிகளின் நிலம் அயலார் கைக்குப் போயிற்றே என்னும் ஏக்கமே கதையை நடத்துகிறது. முடிவில் அவ்விருவரும் சொனோமாவில் நிலம் பெற்று, காய்கறித் தோட்ட வேலைக்குச் சீனரை அமர்த்திக்கொள்கின்றனர். கூலியின் விடுதலை என்பது கூலிக்கு ஆள்பிடிக்கும் நிலையை அடைதலே என்று கதை முடியுமாயின், அதனைச் சீர்திருத்தக் கதை என்று நாம் ஏற்பதற்கில்லை. இனச் செருக்கு ஒரு பொதுவுடைமைவாதியின் பேனாவையும் கறைப்படுத்தும் என்பதை இந்நாவல் நமக்குக் கற்பிக்கிறது.

மற்றொரு நூல் ‘ஜான் பார்லிகார்ன்’. இது அவர் மதுவோடு பழகிய வரலாறு. 1911-ஆம் ஆண்டுத் தேர்தல் நாளன்று அவர் பண்ணையிலிருந்து குதிரையேறி ஊருக்குள் இறங்குகிறார், வாக்களிக்குமுன் குடிக்கிறார், வாக்களித்த பின்னும் குடிக்கிறார், ஆனால் பெண்களுக்கு வாக்குரிமை தரவேண்டும் என்றே வாக்களிக்கிறார். பெண்கள் உரிமை பெற்றால் மதுவை ஒழித்துவிடுவர் என்பது அவர் சொல்லும் காரணம். திராட்சை நாட்டுச் சவாரியைப் பற்றி எழுந்த எழுத்துகளில் இதற்கு ஈடான தொடக்கம் வேறில்லை என்போம். தாம் பிறவிக் குடியரல்லர் என்றும், இளைஞன் நடக்கும் வழியெல்லாம் மதுக்கடை திறந்து கிடந்தமையே தம்மைக் குடிக்குப் பழக்கிற்று என்றும் அவர் வாதிக்கிறார். அவ்வாதத்தைப் பொய்யென்று தள்ளத் தோட்டப்புறத்திலே கள்ளுக்கடை எங்கே நிறுத்தப்பட்டிருந்தது என்பதை அறிந்தவர் துணியார். லண்டன் 1916-ஆம் ஆண்டில் நாற்பதாம் வயதிலே இறந்தார்.

இவ்விடத்தில் மதுவைப் பற்றி ஒன்று சொல்லி அப்பாற் செல்வோம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவிற்று. வீட்டிலே பழச்சாறு செய்துகொள்ளலாம் என்னும் சட்டத்து இடுக்கின் வழியே திராட்சைப் பயிரிடும் பரப்புக் குறையாமல் வளர்ந்தது. சட்டம் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று. இன்றைய சவாரி வரலாறுகளோ சுவைக்கூடத்திற்கும் அடுத்த வளைவிற்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இல்லாதது போல் எழுதப்படுகின்றன. அந்நாட்டில் ஓடிய தூரத்திற்கு ஒப்ப மோட்டார் சைக்கிள்காரர் சாவு காரில் செல்வோர் சாவினும் இருபது மடங்கிற்கு மேற்பட்டது. கலிபோர்னியச் சட்டம் இரத்தத்தில் நூற்றுக்கு 0.08 பங்கு மதுவை எல்லையாக வைத்திருக்கிறது. இரு சக்கரத்தில் நிலைநிற்கும் ஆற்றலோ அவ்வெல்லைக்கு முன்பே தளர்ந்துவிடும். வண்டியை அன்றைக்கு நிறுத்தும்வரை ஒரு துளியும் கூடாது என்று விதித்திருக்கும் சங்கங்களைப் பாராட்டுகிறோம். அவ்விதியைக் கூறாமல் கோப்பையை மட்டும் வருணிக்கும் எழுத்தைப் பாராட்ட மாட்டோம்.

பர்சிக்கின் மோட்டார் சைக்கிள்

மூன்றாமவர் ராபர்ட் பர்சிக். 1968-ஆம் ஆண்டு ஜூலையில், பதினொரு வயது மகன் கிறிஸ்ஸைப் பின்னே ஏற்றிக்கொண்டு, ஒரு ஹோண்டா வண்டியில் மினியாபொலிஸ் நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவரை சென்றார். மற்றொரு வண்டியிலே நண்பரும் அவர் மனைவியும் மொன்டானாவரை உடன் வந்தனர். அச்சவாரியை அடியாகக் கொண்டு அவர் எழுதிய ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்னும் நூலை 121 பதிப்பாளர் மறுத்தனர். 1974-ஆம் ஆண்டில் வெளிவந்ததும் பல இலட்சம் பேர் வாங்கிப் படித்தனர்.

தொழில் செய்வோர்க்கு இந்நூல் அளிக்கும் மதிப்புப் பெரிது. கையால் வேலை செய்பவன் அறிவால் வேலை செய்யாதவன் என்னும் பழைய பொய்யை அது தகர்க்கிறது. நண்பரின் வண்டியில் கைப்பிடி தளர்ந்துவிட்டபோது, பீர் அடைத்த தகரக் குவளையிலிருந்து ஒரு துண்டு தகடு வெட்டி இடையிலே செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய வண்டிக்குக் குப்பைத் தகடா என்று நண்பர் முகம் சுளிக்கிறார். பொருளின் பெயரைக் காண்பவருக்கும் பொருளின் பயனைக் காண்பவருக்கும் உள்ள வேற்றுமையை இத்துணைத் தெளிவாய்க் காட்டிய பக்கங்கள் மிகச் சில. பட்டறையிலே வேலை செய்யும் நம் இளைஞர் இதனைப் படித்தால் தம் தொழிலின்மேல் புதிய மதிப்புக் கொள்வர்.

காரில் செல்பவன் சன்னலின் சட்டத்திற்குள் உலகைப் படம்போற் காண்கிறான். மோட்டார் சைக்கிளில் சட்டம் இல்லை, காட்சிக்குள்ளேயே இருக்கிறோம் என்பது நூலின் தொடக்கத்தில் அவர் கூறும் புகழ்பெற்ற கருத்து. பிறிதோரிடத்தில், தம் வண்டியைப் பாழாக்கிய பட்டறைக்காரரைக் குறித்து, அவர்கள் தம் வேலையிலேயே வெறும் பார்வையாளராய் நின்றனர் என்று குறை கூறுகிறார். இவ்விரு கருத்துகளையும் கொண்டே அவருடைய கடைசி அத்தியாயத்தை நாம் அளக்க விரும்புகிறோம். அங்கே தந்தையும் மகனும் யூகையா, ஹோப்லந்து, கிளோவர்டேல் என்று திராட்சை நாட்டிற்குள் இறங்கி, ஆஸ்டி, சான்டா ரோசா, பெட்டலூமா எனக் கடந்து போகின்றனர். ஊர்ப் பெயர்கள் மைற்கல் போல் வந்து போகின்றன. திராட்சை நாடு ஒரு வாக்கியத்திலே முடிந்துவிடுகிறது. தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த நெடுங்காலத் துயர் அப்போதுதான் தீர்ந்திருக்கிறது. ஆகவே கதையின் ஓட்டத்திற்கு அவ்வேகம் பொருந்தியதே. அதனை நாம் பிழை என்னோம். ஆயினும் சட்டம் நீங்கிய கண்ணும் பார்வையாளன் கண்ணாகவே இருக்கக்கூடும் என்பதை அவ்வாக்கியம் காட்டிவிடுகிறது.

ஆஸ்டி என்று ஒரு பெயர் கடந்ததே, அவ்வூரின் கதை என்ன? 1881-ஆம் ஆண்டில் அந்திரேயா ஸ்பார்போரோ என்பவர் இத்தாலியக் குடியேறிகளுக்காக அங்கே ஒரு கூட்டுறவுத் தோட்டம் தொடங்கினார். மாதக் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தொழிலாளரைப் பங்குதாரர் ஆக்குவது திட்டம். தொழிலாளர் இசையவில்லை, முழுக் கூலியே கைக்கு வரவேண்டும் என்றனர். கூட்டுறவு கம்பெனியாயிற்று. அவர்கள் செய்தது அறியாமையா? கூலியிற் பிடித்தம் என்றாலே வஞ்சகம் என்று பட்டறிந்த எச்சரிக்கையா? ஒரு நாவலுக்குரிய பொருள் அவ்வூர்ப் பெயருக்குள்ளே கிடக்கிறது. மணிக்கு அறுபது மைல் வேகத்தில் அது கேட்காது.

பாதை யாருடையது?

சவாரி இலக்கியம் முழுவதும் ஒரு சொல்லைப் பாடுகிறது: விடுதலை. காற்று, வளைவு, திறந்த பாதை, விடுதலை. அவ்வுணர்ச்சி மெய்யானது. ஆனால் இரு சக்கரத்தில் ஏறிப் பாதையிற் செல்வது எல்லார்க்கும் எக்காலத்தும் கிடைத்த உரிமையன்று. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையையோ கிராணியையோ கண்டவுடன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒன்று. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது மற்றொன்று. கூலி உயர்வோடு இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்ட அம்மக்கள், பாதையின் விடுதலையைக் காற்றிலே தேடவில்லை. இறங்காமற் போகும் மானத்திலே தேடினர். அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் சிறைப்படுத்தப்பட்டு நாடுகடத்தப்பட்டார். திறந்த பாதையைப் பாடும் நூல்களைப் படிக்கும்போது நம்மவர் நெஞ்சில் இந்நினைவு எழுமாயின், அது விமரிசனத்திற்கு இடையூறன்று, துணையாகும்.

கலிபோர்னியாவிலும் பாதையை வேறு வகையிற் பயன்படுத்தினோர் உண்டு. நாப்பாவிற்குத் தெற்கே வெகுதொலைவிலுள்ள டெலானோவில் 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் பிலிப்பைன் தீவுத் தொழிலாளர், லாரி இட்லியோங் தலைமையில், திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினர். சில நாட்களில் சீசர் சாவெஸ் தலைமையிலிருந்த மெக்சிகத் தொழிலாளரும் சேர்ந்துகொண்டனர். 1966-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் டெலானோவிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 300 மைல் கால்நடையாய் நடந்து, ஏப்ரல் 10-ஆம் நாள் தலைநகரான சாக்ரமென்டோவை அடைந்தனர். வழியிலே இருக்கும்போதே சென்லி என்னும் மதுக் கம்பெனி சங்கத்தை ஏற்க இசைந்தது. பிற முதலாளிகளுக்கு எதிராகத் திராட்சைப் பகிஷ்காரம் நாடெங்கும் பரவிற்று. 1970-ஆம் ஆண்டு ஜூலையில் டெலானோ முதலாளிகள் ஒப்பந்தம் செய்தனர். பர்சிக் தம் மகனோடு வண்டியேறிய 1968-ஆம் ஆண்டு ஜூலை அப்பகிஷ்காரத்தின் நடுவேனில் ஆகும்.

அந்நடையும் ஓர் இலக்கியத்தைப் பெற்றது. லூயிஸ் வால்டெஸ் என்னும் இளைஞர் 1965-இல் தொழிலாளரையே நடிகராக்கி ‘டியாட்ரோ கம்பெசினோ’ என்னும் உழவர் நாடகக் குழுவை அமைத்தார். லாரியின் தட்டே மேடை. வேலைநிறுத்தக்காரன், கருங்காலி, முதலாளி என்று எழுதிய அட்டைகளைக் கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டு, சிறு சிறு நாடகங்கள் ஆடினர். நெடுநடையின்போது இரவு தோறும் ஊருக்கு ஊர் ஆட்டம். கலை நுட்பத்தில் ஸ்டீவன்சனுடைய உரைநடைக்கு அவை ஈடாகா. கேலியும் கூச்சலுமே மிகுதி. ஆனால் திராட்சைக் கொடியின் கீழ் நின்றவனே பேசிய பேச்சு அது. பாதையிலிருந்து தோட்டத்தைப் பார்த்த இலக்கியம் நூறாண்டு நடந்தபின், தோட்டத்திலிருந்து பாதையைப் பார்த்த இலக்கியம் அங்கே மேடை ஏறியது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவனே அந்நாட்டைப் படித்தவனாவான்.

ஒரு தடையும் விடையும்

“ஓய்வு நாளில் களிப்பாய்ப் போகிறவன் கூலிக் கணக்கு எடுக்கவேண்டுமா? எதற்கும் ஒரு பிரசங்கமா?” என்பர் சிலர். பிரசங்கம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. காட்சியைச் சரியாக எழுதுக என்றே கேட்கிறோம். கையில்லாத தோட்டம் பொய்யான தோட்டம். அதனை வருணிப்பது அறத்தில் மட்டுமன்றிக் கலையிலும் குறை. நம் பழந்தமிழர் வழிநூல் இயற்றத் தெரியாதவரா? ஆற்றுப்படை என்பது வழிகாட்டும் பாட்டேயன்றோ? பெரும்பாணாற்றுப்படையிலே உப்பு வண்டி ஓட்டும் உமணர், எயினர், ஆயர், உழவர், வலைஞர் என்று வழியிலே வாழும் மாந்தரும் அவர் தொழிலும் அவர் இடும் உணவுமே பாதையாய் விரிகின்றன. அப்பாட்டும் மன்னனைப் புகழவே எழுந்தது. எனினும் வழியிலுள்ளோரை மறந்து புகழவில்லை.

இன்றும் எழுதுவதற்குப் பொருள் அங்கே குறைவில்லை. நாப்பாவில் பருவ வேலையாட்களுக்கென மூன்று விடுதிகள், ஒவ்வொன்றிலும் 60 கட்டில்கள் வீதம், நடைபெறுகின்றன. தோட்ட முதலாளிகள் தம் ஏக்கருக்கு இவ்வளவென்று தாமே வரி விதித்துக்கொண்டு அவற்றிற்கு உதவுகின்றனர். 1938-ஆம் ஆண்டுக் கூலிச் சட்டம் விவசாயத் தொழிலாளருக்கு மறுத்த மிகுநேரக் கூலியை, கலிபோர்னியா 2016-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் படிப்படியாய்க் கொணர்ந்து, 2025-ஆம் ஆண்டிற்குள் சிறு தோட்டங்களுக்கும் விரித்தது. 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் கலிஸ்டோகா அருகே மூண்ட பெருந்தீ சான்டா ரோசாவரை பாய்ந்து 22 உயிர்களைக் குடித்தபோது, புகைக்கு நடுவிலும் எஞ்சிய குலைகளை அறுத்த கைகள் உண்டு. சவாரிக்காரர் உருளும் அதே பாதையின் ஓரத்துச் செய்திகள் இவை. ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தினால் ஒரு நல்ல கட்டுரைக்கு உரியன.

முடிபாக ஒன்று கூறுவோம். கூட்டச் சவாரியின் ஒழுங்கிலே மிகச் சிறந்தது, பாதை பிரியுமிடத்தில் கடைசி வண்டிக்காக நிற்பது என்றோம். அவ்விதியை வகுத்தவர் தத்துவ நூல் எழுதியவரல்லர். விபத்திலே நண்பரை இழந்து பாடம் கற்றவர். எனினும் அதனினும் உயர்ந்த சமூக விதி வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பின்தங்கியவன் கண்ணுக்குத் தெரியும்வரை கூட்டம் நகரலாகாது. இவ்விதியைத் தம் கூட்டத்தாருக்குள் இத்துணை உண்மையாய்க் காக்கின்றவர், பேனாவை எடுக்கும்போது அதனைப் பாதையோரம் வரை நீட்டினால் போதும். அவர்தம் எழுத்து இலக்கியமாகிவிடும். நம் இளைஞரும் இன்று சங்கம் அமைத்து மலைப்பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஏறிச் செல்கின்றனர். செல்க, கண்டதை எழுதுக. எழுதுமுன் ஒரு வளைவில் நின்று, இன்னும் யார் வரவேண்டும் என்று திரும்பிப் பார்த்துக்கொள்க.